ஷெட்டுக்குள் ஒரு பழைய பென்ஸ்

ஆயுத பூஜையன்று பீன்யாவில் கழுவாத வண்டியைப் பார்ப்பது கஷ்டம். லாரி, டெம்போ, கம்பெனி வாசலில் நிற்கும் பழைய ஸ்கூட்டர்வரை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். 2025 அக்டோபர் முதல் தேதி நான் பார்த்த ஒரே அழுக்கு வண்டி, இரண்டாவது ஸ்டேஜில் பூட்டிக் கிடந்த ஒரு ஷெட்டுக்குள் நின்றது. 1996-ஆம் வருட மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 220. தூசிக்கு அடியில் வெள்ளை நிறம்.

ஷெட்டின் சாவி என்னிடம் இருந்தது. கார் என்னுடையது அல்ல. அது என் பழைய முதலாளியின் கார். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் ஷெட்டை விற்க ஏற்பாடு செய்துவிட்டு, எனக்கு போன் செய்தார். "அண்ணா, அந்தக் காரை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே நாலரை லட்சம் சொல்லுங்கள். நீங்களே எடுத்துக்கொள்வதானால் மூன்றரை போதும். அப்பா இருந்தால் உங்களுக்குத்தான் கொடுத்திருப்பார்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு வயது 57. சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்து 1988-ல் பெங்களூருக்கு ரயில் ஏறியவன். ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. இன்னும் கம்பீரமாக இருந்த காலம். அங்கே வேலை கிடைக்காதவர்களுக்கு பீன்யா இருந்தது. சின்னச் சின்ன ஷெட்டுகள், அவற்றுக்குள் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், சுவரில் சாமி படம். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது நாலும் கலந்த ஒரு பாஷை. அப்படி ஒரு ஷெட்டில் பதினைந்து வருடம் நின்றேன். 2003-ல் கடன் வாங்கித் தனியாக ஆரம்பித்தேன். இன்று இரண்டு சி.என்.சி. மெஷின், ஒரு பழைய லேத், ஆறு பையன்கள். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க். தாசரஹள்ளியில் வீடு. ஸ்கூட்டரில் மூன்று கிலோமீட்டர்.

அந்தக் கார் 1996-ல் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மெர்சிடிஸ் அப்போதுதான் டெல்கோவுடன் சேர்ந்து புனேயில் கார் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. 1995-ல் அங்கிருந்து வெளிவந்த முதல் மாடல் இதுதான். விஷயம் தெரிந்தவர்கள் அதை டபிள்யூ 124 என்பார்கள். 1984-ன் கடைசியில் ஜெர்மனியில் அறிமுகமாகி, உலகம் முழுக்க 25 லட்சத்துக்கும் மேல் விற்ற மாடல். நமக்கு அது புதுசாக வந்தபோது ஜெர்மனியில் அதற்குப் பதிலாக அடுத்த மாடல் வந்துவிட்டிருந்தது. அந்த வருத்தமெல்லாம் எங்களுக்கு இல்லை. காண்டெஸாவையே அண்ணாந்து பார்த்தவர்கள் நாங்கள். முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். அது நேராக அரைவட்டம் போடாமல் மூலைக்குப் போகும்போது நீண்டு, நடுவில் சுருங்கும். அந்த வைப்பரின் கியர் அமைப்பைப் பற்றி டர்னர்கள் நாங்கள் ஒரு மதிய உணவு நேரம் முழுக்கப் பேசியிருக்கிறோம். முதலாளி எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு முறை கதவைத் திறந்து மூடச் சொன்னார். இரும்புப் பெட்டி மூடுவதுபோல அடக்கமான ஒரு சத்தம். அதைக் கேட்டு அவரே சிரித்தார்.

அந்தக் காரில் நான் ஒரே ஒரு முறைதான் ஏறியிருக்கிறேன். 1998-ல், ஒரு சனிக்கிழமை.

லேத்தில் சுற்றிய கடைசல் சுருளைக் கையால் இழுத்தேன். கையில் துணிக் கையுறை. ஓடும் லேத்துக்குப் பக்கத்தில் கையுறை கூடாது என்று ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லித் தருகிறார்கள். எல்லோரும் தெரிந்தே செய்கிற தப்பு அது. சுருள் கையுறையைப் பிடித்தது, கையுறை கையைப் பிடித்தது. பக்கத்து மெஷின்காரர் ஸ்விட்சை அணைத்ததால் இடது கையில் சுண்டு விரலின் நுனியோடு போயிற்று. முதலாளி ஆட்டோவுக்கு ஆள் அனுப்பவில்லை. என்னைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போய் அந்த வெளிர் நிற சீட்டில் உட்கார வைத்தார். "சீட் பாழாகிடும் சார்" என்றேன். "பாழாகட்டும், கையை மேலே தூக்கிப் பிடி" என்றார். அப்போது துமகூரு ரோட்டில் மேம்பாலம் கிடையாது, மெட்ரோ கிடையாது. லாரிகளுக்கு நடுவே ஹாரனை அழுத்திக்கொண்டே யஷ்வந்த்பூர்வரை அவரே ஓட்டினார்.

இப்போது புரிந்திருக்கும், மூன்றரை லட்சம் என்றதும் எனக்கு ஏன் தூக்கம் போயிற்று என்று.

மனைவியிடம் சொன்னேன். அவள்தான் எங்கள் கம்பெனி கணக்குப் பார்க்கிறாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. "போய் நல்லா பாருங்க. பார்த்துட்டு வந்து கணக்கு சொல்லுங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது வாங்கியிருப்பேன்.

பழைய பென்ஸ்களையே முப்பது வருடமாகப் பார்க்கும் ஒரு மெக்கானிக் பாயை அழைத்துப்போனேன். அவர் முதலில் பானெட்டைத் தொடவில்லை. கீழே குனிந்து ஜாக் போடும் இடங்களையும் சக்கர வளைவுகளையும் டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்ஜின் கடைசியில். அதைச் சரி பண்ணிடலாம். துருவுக்கு மருந்து கிடையாது" என்றார். இரண்டு சக்கர வளைவுகளில் கொஞ்சம் இருந்தது. அடித்தளம் சுத்தம்.

பிறகு பானெட். அந்தக் கால மாடல்களில் இன்ஜின் வயரிங்கின் மேலுறை, சூட்டில் பொடிப்பொடியாக உதிர்வது உலகறிந்த விஷயம். மக்கிப்போகும் தன்மையுள்ள பொருளால் செய்த உறை அது. பழையதாகவே இருந்தால் ஷார்ட் ஆகிப் பெரிய செலவு வைக்கும். பாய் வயரை விரலால் வளைத்துப் பார்த்தார். முதலாளி எப்போதோ புதுசு போட்டிருந்தார். பாட்டரி மாட்டி சாவியைத் திருப்பினோம். நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஒரு வருடத் தூக்கம். மூன்றாவது முயற்சியில் எழுந்து, ஒரு நிமிடம் முணுமுணுத்து, பிறகு சீராக ஓடியது. எனக்குக் கண் கலங்கியது. பாய் அதைப் பார்க்காததுபோல ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்த்தார்.

"இன்ஜின் தங்கம் சார். ஆனா ரப்பர் எல்லாம் போச்சு."

இதை விளக்கியாக வேண்டும். கார் என்றால் இரும்பு என்று நினைக்கிறோம். அதைச் சத்தமில்லாமல் ஓட வைப்பது ரப்பர். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ், தண்ணீர் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், கதவு ஓரத்து பீடிங் எல்லாமே ரப்பர். ரப்பர் ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் காயும். அதனால் 'ரொம்பக் கம்மியா ஓடின வண்டி' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் யோசிக்க வேண்டும். நானோ இரும்புக்காரன். அந்தக் காரின் எந்த ஷாஃப்டையும் எந்த உலோக புஷ்ஷையும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பீன்யாவிலேயே செய்துவிடுவேன். என்னால் ரப்பரைக் கடைய முடியாது.

பெட்ரோல் ஹோஸுக்கு இன்னொரு வினையும் உண்டு. 2025-ல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. 1996-ல் இந்த ஹோஸ்களைச் செய்தவர்கள் அப்படி ஒரு பெட்ரோலை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய ரப்பரை எத்தனால் ஊறவைத்து விரிசல் விட வைக்கும். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது விளையாட்டில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸும் சீலும் முழுக்க மாற்றியே ஆகவேண்டும்.

ஏ.சி. வேலை செய்யவில்லை. உள்ளே இருக்கும் குளிர்விக்கும் காயில் ஓட்டை. காயிலின் விலை பெரிதில்லை. அதை எடுக்க டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், அதுதான் பெரிது. பாய் ஒரு அட்டையின் பின்பக்கம் எழுதினார்: ரப்பர், மவுண்ட், புஷ் 80,000. ஏ.சி. 60,000. துருவும் பெயிண்டும் 50,000. டயர் 40,000. பெட்ரோல் லைன், இன்ஜெக்டர் 30,000. மொத்தம் 2,60,000.

அந்த அட்டையைப் பார்த்தபோதுதான் சொகுசுக் கார் என்ற பண்டத்தின் கணக்கு எனக்கு விளங்கிற்று. காரின் விலைதான் பழசாகிறது. உதிரிபாகத்தின் விலை பழசாவதில்லை. புதுசில் இதை வாங்கியவர் எந்த அந்தஸ்தில் இருந்தாரோ, அந்த அந்தஸ்துக்கான பில்லைத்தான் இன்றும் கார் நீட்டும். மூன்றரை லட்சத்துக்கு வாங்குகிறவன் மூன்றரை லட்சத்துக் காரைப் பராமரிப்பதில்லை. பெரிய முதலாளியின் காரைப் பராமரிக்கிறான்.

"அப்ப பத்து, பன்னிரண்டு வருஷ வண்டி ஒண்ணு பார்க்கலாமா?" என்று கேட்டேன். பாய் சிரித்தார். டெல்லியில் 10 வருடம் கடந்த டீசல் வண்டிக்கும் 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதைச் சுற்றி 2025-லும் வழக்கு ஓடியது. அந்தப் பயத்தில் அங்கிருந்து சொகுசு கார்கள் மலிவாகத் தெற்கே இறங்குகின்றன. விலையைக் கேட்டால் நாக்கில் நீர் ஊறும். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, 12 மாதத்துக்குமேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவு, வாழ்நாள் வரி என்று ஒவ்வொன்றாக வரும். "அதுல காத்து சஸ்பென்ஷன், நூறு சென்சார், ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர். இது கெட்டா என்ன கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். அது கெட்டா கம்ப்யூட்டர் சொன்னாத்தான் தெரியும்" என்றார். எந்தக் கார் வாங்கினாலும், வாங்குவதற்கு முன் இப்படி ஒருவரைக் காசு கொடுத்து அழைத்துப்போங்கள். அந்தக் கூலி வீண் போகாது.

அடுத்து காகிதம். முதலாளி பெயரில் ஆர்.சி. அவர் இல்லை. ஆகவே நேரடியாக என் பெயருக்கு மாற்ற முடியாது. வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இதற்கு உரிய காலம், உரிமையாளர் இறந்து மூன்று மாதம். அது எப்போதோ கடந்துவிட்டது. பிறகுதான் எனக்கு விற்க படிவம் 29, 30. "சும்மா ஓட்டுங்க அண்ணா, மெதுவா மாத்திக்கலாம்" என்றார் மகன். அந்த 'மெதுவா' என்ற சொல் ஆபத்தானது. பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்பவர்கள்தான் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும். அவர்கள்தான் கவலைப்படுவதே இல்லை.

தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்கு. அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கார் 2011, 2016, 2021 என மூன்று முறை புதுப்பிக்கப்பட்டிருந்தது. அடுத்த கெடு 2026. இருபது வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். 50 வயதானால் 'விண்டேஜ்' என்று தனி மரியாதை, தனி நம்பர் பலகை என 2021-ல் ஒரு விதி வந்திருக்கிறது. அந்த மரியாதைக்கு இது 2046-வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது 78.

அட்டையை மனைவியிடம் கொடுத்தேன். மூன்றரை லட்சம், ரிப்பேர் இரண்டு லட்சத்து அறுபதாயிரம், பதிவு பத்தாயிரம். ஆறு லட்சத்து இருபதாயிரம். இன்சூரன்ஸ் தனி.

"எவ்வளவு ஓட்டுவீங்க?"

கம்பெனிக்கு ஓட்ட முடியாது. எங்கள் தெருவில் நிறுத்த இடமில்லை, பீன்யாவின் குழிகளுக்கு அந்தப் புது ரப்பரைப் பலி கொடுக்கவும் மனம் வராது. வருடத்துக்கு நாலு முறை ஊருக்கு. போக வர 300 கிலோமீட்டர். ஆக 1,200.

"அதுக்கு ஏ.சி. போட்ட வாடகைக் காரே இருபதாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. கணக்கு மட்டும்தான்.

நான் பெங்களூரின் ரமேஷ் பாபுவை எடுத்துக்காட்டினேன். சலூன் நடத்திக்கொண்டே 2004-ல் பென்ஸ் வாங்கி, 2011-ல் ரோல்ஸ் ராய்ஸே வாங்கியவர் அவர். "அவர் வாடகைக்கு விட வாங்கினார். கார் சம்பாதிச்சுது" என்றாள். "நம்மகிட்ட சம்பாதிக்கிறது எது?"

கேள்வி எங்கே போகிறதென்று தெரிந்தது. வங்கியில் நாலே முக்கால் லட்சம் இருந்தது. அது எதற்கென்று சேர்த்தது என்றும் இருவருக்கும் தெரியும். சி.என்.சி. ஒன்றின் ஸ்பிண்டில் பேரிங் ஆறு மாதமாக முனகிக்கொண்டிருந்தது. முழுசாகப் பிரித்துக் கட்ட மூன்று லட்சத்து இருபதாயிரம். அது நின்றால் மூன்று பையன்களுக்கு வேலை நிற்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் அன்று முடிவெடுக்கவில்லை. மறுநாள் தனியாகப் போனேன். இடது பக்கக் கதவைத் திறந்தேன். அதே சத்தம். சீட்டில் ஒரு கறையைத் தேடினேன். 1998-ல் என் ரத்தம் சொட்டிய இடம். தையல் ஓரத்தில்கூட இல்லை. சீட் உறையை எப்போதோ புதிதாகத் தைத்திருந்தார்கள். நான் வாங்க நினைத்தது அந்தக் காரில் இல்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முதலாளிக்கு நான் பட்டிருக்கும் கடன் அந்தக் காருக்குப் பட்ட கடன் அல்ல என்று புரிந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. என் ஷெட்டில் இருக்கும் பழைய லேத்தின் சக்குக்கு மூடி கிடையாது. வாங்கும்போதே இல்லை, நானும் போடவில்லை. அதில் நிற்கும் பையனுக்கு வயது 22. அவன் கையுறை போட்டிருக்கிறானா என்று எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்? ஈ.எஸ்.ஐ. கட்டாயம் என்பது 10 பேரிலிருந்து. என்னிடம் 6 பேர். அந்த எண்ணிக்கையை இத்தனை வருடம் வசதியாகவே வைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஏதாவது ஆனால் பென்ஸில் கூட்டிப்போவேன் என்பது ஒரு பதிலாகுமா?

மகனுக்கு போன் செய்து எனக்கு வேண்டாம் என்றேன். நல்ல கைக்குப் போகும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். ஸ்பிண்டிலைப் பிரித்துக் கட்டினோம். லேத்துக்கு சக் மூடி, அதைத் திறந்தால் மோட்டார் நிற்கும் ஸ்விட்ச், கால் பிரேக் எல்லாம் போட்டோம். மூடியை நானே செய்தேன். ஆறு பேருக்கும் விபத்து இன்சூரன்ஸ் எடுத்தேன். எல்லாம் போக வங்கியில் மிஞ்சியதைச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

வாரம் ஒருநாள் போய் அந்தக் காரை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விடுவேன். பார்க்க வருகிறவர்களிடம் பாயின் அட்டையை முதலிலேயே நீட்டிவிடுவேன். இரண்டு பேர் அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர் இளைஞர், சாஃப்ட்வேர் வேலை. அட்டையை இரண்டு முறை படித்தார். ரிப்பேருக்கென்று தனியாகப் பணம் வைத்திருக்கிறேன், ஓட்ட வேறு கார் இருக்கிறது, நிறுத்த மூடிய இடம் இருக்கிறது, அவசரமில்லை என்றார். பழைய சொகுசு கார் வாங்க இந்த நாலும்தான் தகுதி. நாலும் ஒருவரிடம் சேர்ந்திருந்து நான் அப்போதுதான் பார்த்தேன். ஆர்.சி. முறைப்படி மகன் பெயருக்கு மாறும்வரை பொறுத்திருந்தார்.

சாவியை வாங்கும்போது கேட்டார்: "இவ்வளவு தெரிஞ்சவர், இவ்வளவு ஆசையாப் பார்த்துக்கறீங்க. நீங்க ஏன் சார் வாங்கலை?"

"இதுல ஏறிப் போகவேண்டிய இடம் எனக்கு ஒண்ணுதான் இருந்தது தம்பி. அங்க 1998-லயே போய்ட்டு வந்துட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கதவை ஓங்கிச் சாத்தினார். மெதுவாகச் சாத்தினாலே போதும் என்று சொல்லிக் கொடுத்தேன்.